மூலப்பதிவு யார் கையில்? பெண் இசைக்கலைஞர்களும் ரசிகர் ஆதரவும்

கேள்வி

2021 ஜூன் இறுதியில் லண்டன் பாடகி ரே, தம் இசைநிறுவனத்தைப் பற்றிச் சமூக ஊடகத்தில் வெளிப்படையாகப் புகார் சொன்னார். 2014இல், 17 வயதில், பாலிடோர் நிறுவனத்தோடு நான்கு ஆல்பங்களுக்கு ஒப்பந்தம் போட்டவர் அவர். ஏழு ஆண்டுகளாகியும் ஓர் ஆல்பம்கூட வெளிவரவில்லை. அந்த ஆண்டுகளில் அவர் பிறருக்குப் பாடல் எழுதினார். நடன இசைத் தயாரிப்பாளர்களின் பாடல்களுக்குக் குரல் கொடுத்தார். அவை நன்றாகவே ஓடின. சொந்த ஆல்பத்துக்கு மட்டும் அனுமதி கிடைக்கவில்லை. புகார் வெளியான அடுத்த மாதமே ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. 2023 ஜனவரியில் அவருடைய ‘எஸ்கேப்பிசம்’ பாடல் பிரிட்டன் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. பிப்ரவரியில் முதல் ஆல்பம் வந்தது. 2024 மார்ச்சில் பிரிட் விருதுகளில் ஆறு அவருக்குக் கிடைத்தன. ஒரே ஆண்டில் அத்தனை விருதுகளை அதற்குமுன் எவரும் பெற்றதில்லை.

நிறுவனம் முடக்கிப்போட்ட பாடகியை ரசிகர்கள் தூக்கி நிறுத்தினார்கள் என்றே இந்த வரலாறு பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அதில் உண்மை உண்டு. ஆனால் விடுபட்டுப்போகும் ஒரு தகவலும் உண்டு. பாலிடோரை விட்டு வந்தபின் ரேயின் பாடல்களை விநியோகித்தது ‘ஹியூமன் ரீ சோர்சஸ்’. அது ‘தி ஆர்ச்சர்ட்’ நிறுவனத்தைச் சேர்ந்தது; ஆர்ச்சர்ட் சோனிக்குச் சொந்தம். உலகின் மூன்று பெரும் இசைநிறுவனங்களில் ஒன்றின் குழாய் வழியாகத்தான் அந்தச் ‘சுதந்திர’ ஆல்பமும் உலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அப்படியானால் அவருக்கு மாறியது எது?

இக்கட்டுரை ஆராய்வது அதைத்தான். பெண் இசைக்கலைஞர்களின் வாழ்க்கையில் ரசிகர் ஆதரவும் பெருநிறுவன விளம்பரமும் எதைத் தருகின்றன, பதிலுக்கு எதைக் கேட்கின்றன? அமெரிக்க, பிரிட்டிஷ் அனுபவங்களையே பெரிதும் எடுத்துக்கொள்கிறேன். ஒப்பந்தங்களும் வழக்குகளும் நேர்காணல்களுமாகப் பொதுவெளியில் சான்றுகள் அங்கேதான் மிகுதி.

இதுவரையான புரிதல்கள்

இப்பொருள் பற்றிய எழுத்தில் இரண்டு நிலைப்பாடுகளைத் திரும்பத் திரும்பக் காணலாம். முதலாவது, ரசிகர்களின் அன்பு தூய்மையானது, நிறுவனத்தின் பணம் கலையைக் கெடுப்பது என்ற நம்பிக்கை. இரண்டாவது, தொழில்துறையின் நடைமுறை வாதம். வானொலி, கடை அலமாரி, தொலைக்காட்சி, இன்று ஒலியோடைத் தளங்களின் பாடல் பட்டியல் ஆகிய எதையும் பெருநிறுவனம் இல்லாமல் எட்ட முடியாது, ஆயிரம் பேரின் அன்பு பத்து லட்சம் பேரின் காதுக்கு ஈடாகாது என்கிறது அது.

இரண்டும் எதிரெதிராகத் தோன்றினாலும் ஒரே அளவுகோலைத்தான் வைத்திருக்கின்றன: எத்தனை பேரைச் சென்றடைந்தது? மூன்றாவதாக, அண்மை ஆண்டுகளில் வேறொரு பார்வை வலுப்பெற்றுள்ளது. ஊடக ஆய்வாளர் நான்சி பேம் 2018இல் வெளியிட்ட ‘பிளேயிங் டு தி கிரவுட்’ என்ற நூலில், ரசிகரோடு இடைவிடாமல் உறவைப் பேணுவதும் ஓர் உழைப்பு, அதுவும் பெரும்பாலும் கூலியில்லாத உழைப்பு என்று விரிவாக நிறுவுகிறார். அந்த உழைப்பின் சுமை பெண்கள்மீது எப்படி விழுகிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

என் வாதம் வேறோர் இடத்திலிருந்து தொடங்குகிறது. எத்தனை பேர் கேட்டார்கள் என்பதைவிட, மூல ஒலிப்பதிவு யாருக்குச் சொந்தம், அதை எப்போது வெளியிடுவது என்று தீர்மானிப்பவர் யார் என்ற இரண்டு கேள்விகள் முதன்மையானவை. ரசிகர் ஆதரவு இந்த இரண்டையும் மாற்றிய இடங்களில் பெண்களின் நிலை மாறியது. மாற்றாத இடங்களில் அந்த ஆதரவு நிறுவனத்துக்குக் கிடைத்த இலவச விளம்பரமாக முடிந்தது.

நிறுவனம் தருவது கடன்

பெருநிறுவனம் தரும் முன்பணம் பரிசு இல்லை, சம்பளமும் இல்லை. அது கடன். ஆல்பம் தயாரிக்கும் செலவும், பல ஒப்பந்தங்களில் வீடியோ, விளம்பரச் செலவுகளின் ஒரு பகுதியும் கலைஞரின் ராயல்டியிலிருந்தே கழிக்கப்படும். கழித்து முடியும்வரை அவர் கைக்கு ராயல்டி வராது. கழித்து முடிந்தாலும் மூலப்பதிவு நிறுவனத்தின் உடைமையாகவே இருக்கும். வீட்டுக்கடனை வட்டியோடு கட்டி முடித்த பிறகும் பத்திரம் வங்கியிடமே இருப்பதைப் போன்ற ஏற்பாடு இது.

இதன் கொடுமையை டிஎல்சி குழுவின் கணக்கில் காணலாம். அட்லாண்டாவின் மூன்று கறுப்பினப் பெண்கள். 1994 நவம்பரில் வந்த அவர்களுடைய ‘கிரேசிசெக்சிகூல்’ அமெரிக்காவிலேயே ஒரு கோடிப் பிரதிகளைத் தாண்டியது. அந்த ஆல்பம் விற்பனையின் உச்சத்தில் இருந்த 1995 கோடையில்தான் மூவரும் திவால் மனு கொடுத்தார்கள். விளம்பரத்தில் குறையே இல்லை. பாட்டு ஒலிக்காத வானொலி இல்லை. ஒவ்வொரு பிரதிக்கும் அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட காசுகள் மூன்றாகப் பிரிந்து, செலவுக் கழிவில் கரைந்தன. அதிகம் பேரைச் சென்றடைந்தால் போதும் என்று வாதிடுவோர் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

விளம்பரமாவது பெண்களுக்குச் சமமாகக் கிடைத்ததா? 1990களில் அமெரிக்க வானொலி நிலையங்கள் பலவற்றில் இரண்டு பெண்களின் பாடல்களை அடுத்தடுத்து ஒலிபரப்பக் கூடாது என்ற எழுதப்படாத விதி இருந்தது. கச்சேரி ஏற்பாட்டாளர்களும் ஒரே மேடையில் இரண்டு பெண்களை விரும்பவில்லை. இதில் சலிப்புற்ற கனடியப் பாடகி சாரா மக்லாக்லன் 1997இல் தொடங்கியதுதான் பெண் கலைஞர்களை முன்னிறுத்திய ‘லிலித் ஃபேர்’ சுற்றுப்பயண விழா. மூன்று கோடைகள் அது பெருங்கூட்டத்தைக் கூட்டியது. கேட்க ஆளில்லை என்ற வாதம் அதோடு செத்திருக்க வேண்டும்; சாகவில்லை. 2015இல் அமெரிக்க ‘கன்ட்ரி’ இசை வானொலிகளின் ஆலோசகர் ஒருவர், நேயர் எண்ணிக்கை உயர வேண்டுமானால் பெண்களின் பாடல்களைக் குறையுங்கள் என்று பேட்டி கொடுத்தார். ஆண் பாடகர்கள் சாலடில் கீரை, பெண்கள் அதன்மேல் தூவும் தக்காளி என்று விளக்கமும் சொன்னார். தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் அன்னென்பெர்க் ஆய்வுக்குழு 2012 முதல் 2017 வரையான 600 வெற்றிப் பாடல்களை ஆராய்ந்து 2018இல் அறிக்கை வெளியிட்டது. கலைஞர்களில் பெண்கள் 22.4 விழுக்காடு, பாடலாசிரியர்களில் 12.3. தயாரிப்பாளர்களைக் கணக்கிட 300 பாடல்களை எடுத்தார்கள்; அதில் பெண்கள் 2 விழுக்காடு. பாடும் பெண்ணுக்கே இடம் குறைவு. பதிவுக்கூடத்தின் கட்டுப்பாட்டு மேசையில் ஏறத்தாழ இடமே இல்லை.

ஒலிவியா: ரசிகர்களே நிறுவனமானபோது

இந்த மேசையையே கைப்பற்ற வேண்டும் என்று நினைத்த பெண்கள் 1973இலேயே இருந்தார்கள். அவர்களைப் பற்றித் தமிழில் அதிகம் எழுதப்படாததால் இங்கே சற்று நின்று சொல்கிறேன்.

கிரிஸ் வில்லியம்சன் என்ற பாடகி 1971இல் ஆம்பெக்ஸ் என்ற நிறுவனத்தில் ஓர் ஆல்பம் வெளியிட்டார். நிறுவனம் இழுத்து மூடப்பட்டது, ஆல்பமும் மறைந்தது. ஆனால் வாஷிங்டன் நகரில் மெக் கிறிஸ்டியன் என்ற பாடகிக்கு அந்த இசைத்தட்டு ஒன்று கிடைத்தது. தம் சிறு கச்சேரிகளில் அந்தப் பாடல்களைப் பாடிப் பாடித் தம் கேட்போருக்குப் பழக்கிவிட்டார். 1973இல் வில்லியம்சன் அந்நகருக்குப் பாட வந்தபோது, தம் பாடல்களை அரங்கமே சேர்ந்து பாடுவதைக் கண்டு திகைத்துப்போனார். பிறகு நடந்த வானொலி உரையாடலில், பெண்களுக்கென்றே ஓர் இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினால் என்ன என்று அவர் போகிற போக்கில் கேட்டார். கேட்டுக்கொண்டிருந்த பெண்ணியக் குழு அதையே தொழிலாக எடுத்துக்கொண்டது. அப்படிப் பிறந்தது ஒலிவியா ரெக்கார்ட்ஸ்.

1974இல் ஒரு சிறு இசைத்தட்டு. ஒரு பக்கம் கிறிஸ்டியன், மறுபக்கம் வில்லியம்சன். அதை அஞ்சலில் விற்றுச் சேர்த்த பணம் அடுத்த ஆல்பத்துக்கு முதலானது. 1975இல் வந்த வில்லியம்சனின் ‘தி சேஞ்சர் அண்ட் தி சேஞ்ச்டு’ பெருநிறுவனம் சாராத இசைத்தட்டுகளில் மிக அதிகம் விற்றவற்றுள் ஒன்றாயிற்று. எப்படி விற்றது என்பதுதான் முக்கியம். ஊருக்கு ஊர் பெண்கள் தாமாக முன்வந்து விநியோகஸ்தர்களானார்கள். பெட்டி பெட்டியாக வரவழைத்துக் கார் டிக்கியில் அடுக்கிக்கொண்டு, பெண்களின் புத்தகக் கடைகளுக்கும் கச்சேரி வாசல்களுக்கும் கொண்டுபோனார்கள். கச்சேரி ஏற்பாடு, ஒலியமைப்பு, ஒளியமைப்பு எல்லாவற்றையும் பெண்களே கற்றுக்கொண்டார்கள். வானொலி கதவைச் சாத்திய இடத்தில் ஒரு மாற்று வழி உருவானது. கலைஞர் தேர்வு, பதிவு, வெளியீட்டு நாள் எல்லாம் அக்குழுவின் கையில். இங்கே ரசிகர் ஆதரவு விளம்பரத்தோடு நிற்கவில்லை. உடைமை முறையையே மாற்றியது.

ஆனால் அந்தச் சமூகத்தின் எல்லைகள் நிறுவனத்தின் எல்லைகளாகவும் ஆயின. வாடிக்கையாளர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையினப் பெண்கள். லிண்டா டில்லரி, மேரி வாட்கின்ஸ் போன்ற கறுப்பினக் கலைஞர்களை ஒலிவியா பதிவு செய்தது; 1978இல் ‘கறுப்பினப் பெண்களின் பல குரல்கள்’ என்ற பொருள்பட்ட பெயரில் சுற்றுப்பயணமும் நடத்தியது. இருந்தும் அவர்களுக்கு வில்லியம்சனுக்குக் கிடைத்த விற்பனை கிடைக்கவில்லை. இன்னொன்று இதைவிடக் கசப்பானது. ஒலிவியாவின் ஒலிப்பதிவுப் பொறியாளர் சாண்டி ஸ்டோன் ஒரு திருநங்கை. பெரும் பதிவுக்கூடங்களில் தேறியவர். தாம் கற்றதைப் பிற பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தவர். பெண்கள் மட்டும் என்று சொல்லிவிட்டு அவரை எப்படி வைத்திருக்கலாம் என்று ஆதரவாளர்களில் ஒரு பகுதியினர் கொதித்தார்கள். புறக்கணிப்பு மிரட்டல் வந்தது. குழு அவரைக் கைவிடவில்லை. ஆனாலும் நிறுவனத்தின் பிழைப்பைக் கருதி அவர் 1979இல் விலகினார். ரசிகர்களிடம் அதிகாரம் இருந்தால் விலக்கிவைக்கும் அதிகாரமும் அவர்களிடம் இருக்கும். ரசிகர் ஆதரவைப் புகழும் எழுத்துகள் இந்த நிகழ்ச்சியைத் தாண்டிப் போய்விடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

டிஃப்ராங்கோவும் தனிமனித வழியும்

ஒலிவியாவின் காலத்தில் உருவான புத்தகக் கடைகளும் அஞ்சல் விற்பனைப் பட்டியல்களும் அடுத்த தலைமுறைக்குக் கைகொடுத்தன. அவற்றால் பயனடைந்தவர்களில் ஒருவர் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரைச் சேர்ந்த ஆனி டிஃப்ராங்கோ. 1990இல், 20 வயதில், ‘ரைட்டியஸ் பேப்’ என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். முதல் ஒலிநாடாவைக் கச்சேரி முடிந்ததும் தாமே விற்றார். கல்லூரி விடுதிகளில் ஒரு நாடாவிலிருந்து இன்னொரு நாடாவுக்குப் பிரதியாகி அது பரவியது. அடுத்த முறை அந்த ஊருக்கு அவர் போகும்போது அரங்கம் நிறைந்திருந்தது. பெருநிறுவனங்கள் தேடி வந்தன, அவர் கையெழுத்திடவில்லை.

1990களின் பிற்பகுதியில் வணிகப் பத்திரிகைகள், விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் அவர் சம்பாதிப்பது பெருநிறுவன நட்சத்திரங்களைவிட அதிகம் என்று வியந்து எழுதின. பெண்ணிய இதழான ‘மிஸ்’ அதையே பாராட்டாகச் சொன்னபோது, தம் வேலையைப் பணக்கணக்கால் அளக்க வேண்டாம் என்று மறுத்து அவ்விதழுக்குத் திறந்த மடல் எழுதினார். அவர் கோபம் நியாயமானது. ஆனாலும் அந்தக் கணக்கு ஒன்றைத் தெளிவாக்குகிறது. ஒரு கோடியைத் தாண்டவிருந்த ஆல்பத்தோடு டிஎல்சி திவாலானது. டிஃப்ராங்கோ அதில் சிறு பங்கை விற்றுப் பஃபலோவில் இடிபடவிருந்த பழைய தேவாலயம் ஒன்றை மீட்டு, அரங்கமாகவும் தம் அலுவலகமாகவும் மாற்றினார். 2010இல் அனாய்ஸ் மிட்செலின் ‘ஹேடஸ்டவுன்’ ஆல்பத்தை வெளியிட்டதும் அதே நிறுவனம்தான். பின்னாளில் பிராட்வேயில் புகழ்பெற்ற நாடகத்தின் விதை அது. மூலப்பதிவு தன் கையில் இருக்கும் கலைஞரால் மற்றொரு கலைஞரையும் தாங்க முடிகிறது.

இங்கும் விலை இல்லாமல் இல்லை. 1998இல் டிஃப்ராங்கோ ஓர் ஆணை மணந்தபோது, அவரைத் தம்முடையவர் என்று கொண்டாடிய தன்பாலீர்ப்பு ரசிகைகளில் ஒரு பகுதியினர் துரோகம் இழைக்கப்பட்டதாகக் குமுறினர். நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் அவருடைய திருமணத்தைப் பற்றிய விதி எதுவும் இருந்திருக்காது. ரசிகர்களின் எழுதப்படாத ஒப்பந்தத்தில் இருந்தது.

ஆப்பிள்களும் கசிவு மிரட்டலும்

பெருநிறுவனத்துக்குள் இருக்கும் கலைஞருக்காக ரசிகர்கள் வெளியிலிருந்து போராடினால் என்ன நடக்கும்? பாடகி ஃபியோனா ஆப்பிளின் மூன்றாம் ஆல்பம் இதற்கு நல்ல சான்று. 2003 வாக்கில் பதிவு முடிந்தும் ‘எக்ஸ்ட்ராடினரி மெஷின்’ வெளிவரவில்லை. வணிகத்துக்கு ஆகாது என்று சோனி முடக்கிவிட்டதாகச் செய்தி பரவியது. பாடல்கள் இணையத்தில் கசிந்தன. 2005 ஜனவரிக் குளிரில் நியூயார்க்கின் சோனி அலுவலகத்தின் முன் ரசிகர்கள் கூடி நின்றார்கள். நிறுவனத்துக்கு ஆப்பிள் பழங்களை அனுப்பிவைத்தார்கள். அக்டோபரில் ஆல்பம் வெளிவந்து அமெரிக்கத் தரவரிசையில் ஏழாமிடம் பிடித்தது.

ரசிகர்களின் வெற்றி என்று இதைச் சொல்லலாமா? பின்னர் ஆப்பிள் அளித்த நேர்காணல்களில் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. முதல் பதிவுகளில் அவருக்கே நிறைவில்லை. திரும்பச் செய்ய விரும்பினார். ஒவ்வொரு பாடலாகக் காட்டி ஒப்புதல் பெற்றால்தான் பணம் என்று நிறுவனம் நிபந்தனை போட, இசையையே விட்டுவிடலாம் என்று ஒதுங்கினார். ரசிகர்கள் நம்பிய கதை பாதிதான் சரி. ஆனால் அவர்கள் தெருவில் நின்றதால்தான் பேச்சு மறுபடி தொடங்கி, தாம் விரும்பியபடி பதிவுசெய்ய அவருக்கு வழி பிறந்தது. தகவல் பிழையானாலும் அழுத்தம் வேலை செய்தது. இருந்தும் ஒப்பந்தம் மாறவில்லை. இலவசமாகக் கிடைத்த எதிர்பார்ப்பின் இலாபமும் நிறுவனத்துக்கே போனது.

லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்து அகதியாகத் திரும்பிய மாதங்கி அருள்பிரகாசம் இந்த விளையாட்டை இன்னும் நன்றாக அறிந்திருந்தார். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2003இல் அவர் வெளியிட்ட ‘கலாங்’ பாடல் வெறும் 500 இசைத்தட்டுகளாகவே அச்சானது. இணையப் பகிர்வுதான் அதை ஊரெங்கும் கொண்டுபோனது. பெருநிறுவனம் பின்னால் வந்து சேர்ந்தது. 2013இல் ‘மாதங்கி’ ஆல்பத்தை இன்டர்ஸ்கோப் தள்ளிக்கொண்டே போக, இன்னும் தாமதித்தால் தாமே கசியவிடுவதாக ஆகஸ்டில் பகிரங்கமாக அறிவித்தார். உடனே நவம்பர் 5 என்று வெளியீட்டு நாள் குறிக்கப்பட்டது. ரசிகர்கள் தயாராகக் காத்திருக்கிறார்கள் என்பதே அவருடைய பேரம்பேசும் பலம். கவனிக்க வேண்டியது, வெளியீட்டு நாள்மீது அவருக்குக் கிடைத்த பிடி அந்த ஒரு முறைக்கானது. அடுத்த ஆல்பத்துக்கு மீண்டும் முதலிலிருந்து மல்லுக்கட்ட வேண்டும்.

அன்பின் வேலைப்பளு

2012இல் பாடகி அமண்டா பால்மர், ரோட்ரன்னர் இசைநிறுவனத்திலிருந்து விடுபட்டபின், கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதிதிரட்டும் தளத்தில் ஒரு லட்சம் டாலர் கேட்டார். 24,883 பேர் சேர்ந்து ஏறத்தாழ 12 லட்சம் டாலர் கொடுத்தார்கள். ரசிகர் தருவது கடன் இல்லை. ஆல்பத்துக்கு முன்கூட்டியே கட்டிய விலை. மூலப்பதிவின்மேல் அவர்கள் உரிமை கேட்பதில்லை. இந்த வகையில் அது நிறுவன முன்பணத்தைவிடத் தெளிவாக மேலானது.

அதே ஆண்டு இலையுதிர்காலத்தில், சுற்றுப்பயணத்தில் உள்ளூர் இசைக்கலைஞர்கள் கூலியின்றி வந்து வாசிக்கலாம் என்று பால்மர் அழைத்தபோது பெருங்கண்டனம் எழுந்தது. இறுதியில் கூலி கொடுக்க ஒப்புக்கொண்டார். கண்டனம் சரியானதே. நட்பின் பெயரால் உழைப்பைக் கூலியின்றிக் கேட்பது, கேட்பவர் பெருநிறுவனமாக இருந்தாலும் சுதந்திரக் கலைஞராக இருந்தாலும், ஒன்றுதான். கூடவே மறுபுறத்தையும் பார்க்க வேண்டும். ரசிகர்களிடம் நேரடியாகப் பணம் பெறும் பெண்ணிடம் எதிர்பார்க்கப்படும் நெருக்கம், பதில் கடிதம், தனிவாழ்வின் வெளிப்படைத்தன்மை ஆகியவற்றுக்கு எல்லையே இல்லை. நேரம் கேட்பவர், தொந்தரவு செய்பவர், உடலைப் பற்றிப் பேசுபவர் எல்லோரும் அந்த வாசலில்தான் வருகிறார்கள். பெருநிறுவனத்தில் இடையே ஓர் அலுவலகம் இருக்கும். சுதந்திரக் கலைஞருக்கு அந்தத் தடுப்புச் சுவர் இல்லை.

உடைமைப் போரும் சட்டமும்

பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் கதை எல்லோரும் அறிந்தது என்பதால் ஒன்றிரண்டை மட்டும் சொல்கிறேன். அவருடைய முதல் ஆறு ஆல்பங்களின் மூலப்பதிவுகளை வைத்திருந்த ‘பிக் மெஷின்’ மூன்று பெருநிறுவனங்களில் ஒன்று இல்லை, நாஷ்வில்லின் தனிநிறுவனம். சிறியது என்பதாலேயே ஒரு நிறுவனம் நியாயமானதாகிவிடாது. 2019இல் அது கைமாறியபோது அவரைக் கேட்டு எதுவும் நடக்கவில்லை. பாடலாசிரியர் உரிமை தம்மிடம் இருந்ததால் 2021 முதல் பழைய ஆல்பங்களைத் திரும்பப் பதிவுசெய்தார். ரசிகர்கள் பழைய பதிவுகளை ஒதுக்கிவிட்டுப் புதியவற்றையே கேட்டார்கள். பழைய மூலப்பதிவின் மதிப்பை அவர்களுடைய காதுகள் குறைத்தன. 2025 மே மாதத்தில் அவர் அவற்றை விலைக்கு வாங்கினார்.

இதுவரை பார்த்த சான்றுகளில் ரசிகர் ஆதரவு நேரடியாக உடைமையைக் குறிவைத்து வென்ற மிகப் பெரிய நிகழ்வு இது. ஆனால் ஸ்விஃப்டுக்கு இருந்த பணமும் பாடலாசிரியர் உரிமையும் எத்தனை பெண்களுக்கு உண்டு? நிறுவனங்களும் பாடம் கற்றுக்கொண்டன. மறுபதிவுக்கான தடைக்காலத்தைப் பத்து, பதினைந்து ஆண்டுகள் என்று நீட்டும் ஒப்பந்தங்கள் வரத் தொடங்கிவிட்டதாக 2023இல் தொழில்துறை இதழ்கள் எழுதின. ஒரு நட்சத்திரத்துக்குத் திறந்த வாசல் அடுத்து வரும் பெண்ணுக்கு அடைபடுகிறது.

ஆகவே என் முடிவு இது. ரசிகர் ஆதரவு பெருநிறுவன விளம்பரத்தைவிட நல்ல கூட்டாளி. ஆனால் ஒப்பந்தத்தைத் தொடாத ஆதரவு நிறுவனத்தின் கையில்தான் போய்ச் சேரும். ரே பாலிடோரை விட்டபின் விநியோகம் பெருநிறுவனத்திடமே இருந்தும் எது மாறியது என்று கேட்டிருந்தோம். எதை, எப்போது வெளியிடுவது என்ற தீர்மானம் அவரிடம் வந்தது. அந்த ஒன்றே ஏழாண்டு மௌனத்துக்கும் ஆறு விருதுகளுக்கும் இடையிலான வேறுபாடு.

பாடகி ஒருவருக்காக இவ்வளவு நேரமும் பணமும் கொடுக்கும் ரசிகர்கள் அடுத்துக் கவனம் செலுத்த வேண்டிய இடம் சட்டமன்றம். நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட் வார்னர் பிரதர்ஸ் மீது வழக்குத் தொடுத்து 1944இல் வென்றதால், கலிஃபோர்னியாவில் எந்த ஊழியரையும் ஏழு ஆண்டுகளுக்குமேல் ஒப்பந்தத்தால் கட்டிவைக்க முடியாது என்பது உறுதியானது. 1987இல் இசைநிறுவனங்களின் வற்புறுத்தலால் அந்தச் சட்டத்தில் ஒரு துணைப்பிரிவு சேர்க்கப்பட்டது. ஏழு ஆண்டுகள் கழித்து விலகும் இசைக்கலைஞர், கொடுக்காமல் விட்ட ஆல்பங்களுக்காக நிறுவனத்துக்கு இழப்பீடு தர நேரிடும் என்கிறது அது. அதை நீக்க 2002இலும் 2022இலும் எடுத்த முயற்சிகள் தோற்றன. துணைப்பிரிவு இன்னும் நடைமுறையில் இருக்கிறது.